ஒருவர் கையில் மட்டும் செத்துப்போகும் கீபோர்டு: ஒரு நிகழ்வு ஆய்வு

பின்னணி

கோவைப் பக்கம் நூல் வாங்கி விற்கும் ஒரு நிறுவனத்தின் அலுவலகத்தில் நடந்தது இது. கணக்கு, கொள்முதல், டிஸ்பேட்ச் என்று மூன்று பிரிவுகளும் ஒரே ஹாலில் இருக்கின்றன. கம்ப்யூட்டருக்கென்று தனி ஆள் கிடையாது. வெளியே ஒரு சர்வீஸ்காரர் இருக்கிறார். கூப்பிட்டால் "இதோ கிளம்பிட்டேன்" என்பார், மறுநாள் மதியம் வருவார்.

நான் கொள்முதல் பிரிவு. எப்போதோ ஒரு நாள் பிரிண்டரில் சிக்கிய பேப்பரைக் கிழியாமல் உருவிக் கொடுத்தேன். அன்றிலிருந்து இந்த ஹாலில் மின்சாரத்தில் ஓடும் எதுவானாலும் என்னிடம்தான் வரும். ஒரு முறை தண்ணீர் சுத்திகரிக்கும் மெஷினுக்கும் கூப்பிட்டார்கள்.

வருகிற புகார்களில் முக்கால்வாசி எளியவை. ஆனால் காரணத்தைத் தேடிப் போனால் எங்கெங்கோ கொண்டுபோய் விடும். ஆயுத பூஜை முடிந்து அலுவலகம் திறந்த ஒரு காலையில் யாருக்குமே வருகை பதிவாகவில்லை. கைரேகை மெஷின் ஒவ்வொரு விரலையும் மறுத்தது. பூஜையன்று எல்லாக் கருவிகளுக்கும் சந்தனம் குங்குமம் வைத்தவர், இதற்கும் ஒரு பொட்டு வைத்திருக்கிறார். வைக்க வாகான இடமாக அவருக்குத் தெரிந்தது விரல் வைக்கும் கண்ணாடிதான். இன்னொரு நாள் டிஸ்பேட்ச் மேசையில் மானிட்டரைத் தலைகீழாகத் திருப்பி, இரண்டு ஸ்டாக் புத்தகங்களுக்கு நடுவே சாய்த்து வைத்து வேலை பார்த்துக்கொண்டிருந்தார்கள். கன்ட்ரோல், ஆல்ட் இரண்டோடும் கீழ் அம்புக்குறியைச் சேர்த்து அழுத்தினால் திரையே கவிழ்ந்துவிடும் வசதி பழைய இன்டெல் கிராபிக்ஸ் டிரைவர்கள் பலவற்றில் உண்டு. யாருடைய கையோ பட்டுவிட்டது. படம் கவிழ்ந்ததால் பெட்டியைக் கவிழ்த்துவிட்டார்கள். அதுவும் ஒரு தீர்வுதான், வேலை நிற்கவில்லையே.

இங்கே பதிவு செய்வது கணக்குப் பிரிவின் மூத்த உதவியாளருக்கு வந்த சிக்கலை. அலுவலகத்தில் எல்லாருக்கும் அவர் அக்கா. ஐம்பதைத் தாண்டியவர். டைப்ரைட்டிங்கில் லோயர், ஹையர் என்ற இரண்டு தேர்விலும் முதல் வகுப்பு. கீழே உள்ளதை அவர் படித்துப் பார்த்து, ஒரு இடத்தில் திருத்தமும் சொன்ன பிறகே எழுதுகிறேன். அந்தத் திருத்தம், கீபோர்டிலிருந்து விழுந்தது மிக்சர் இல்லை, காராபூந்தி என்பது.

முதல் புகார்

மாதத்தின் முதல் வாரம். விற்பனை விவரத்தை அரசுக்குச் சொல்லும் ஜிஎஸ்டிஆர்-1 படிவத்துக்கு, மாதாமாதம் தாக்கல் செய்கிறவர்களுக்கு 11-ஆம் தேதி கடைசி. அதனால் அந்த நாட்களில் கணக்குப் பிரிவில் யாரும் தலை நிமிர மாட்டார்கள். அந்த மாதம் புதிதாகச் சேர்ந்த பார்ட்டிகள் நிறைய. ஆடிட்டர் கேட்டிருந்தபடி ஒவ்வொருவரின் பெயர், ஊர், ஜிஎஸ்டி எண்ணை எக்செல் பட்டியலில் ஏற்றி, அதிலிருந்து டேலி என்ற கணக்கு மென்பொருளில் ஒவ்வொருவருக்கும் லெட்ஜர் போடுவது அக்காவின் வேலை.

"தம்பி, இங்க கொஞ்சம் வாங்க. கீபோர்டு செத்துப்போச்சுங்க."

போய்ப் பார்த்தேன். மவுஸ் ஓடுகிறது. கீபோர்டில் நம்பர் லாக் விளக்கு எரிகிறது. ஒரு எழுத்தை அழுத்திப் பிடித்தேன். கொஞ்சம் யோசித்துவிட்டு வந்தது.

"வருதே அக்கா."

"நீங்க அமுத்துனா வருதுங்க. நான் அடிச்சா வர மாட்டேங்குது."

அவர் அடித்துக் காட்டினார். பத்து விரலும் ஓடின, திரையில் ஒன்றுமில்லை. நான் மறுபடி ஒரு எழுத்தை அழுத்தினேன், வந்தது. அவர் அடித்தார், வரவில்லை. சுற்றி நின்றவர்களுக்கு இதற்கு மேல் சாட்சி தேவைப்படவில்லை. கோளாறு கீபோர்டில் இல்லை, ஆளில்தான் என்று ஹால் முடிவு கட்டிவிட்டது.

கொஞ்ச நேரத்தில் தானாகவே சரியாகிவிட்டது. மதியத்துக்கு மேல் மறுபடி போனது. ஆஃப் செய்து ஆன் செய்வது, ஒயரைப் பிடுங்கிச் செருகுவது எல்லாம் நடந்தன. சரியாவதிலும் கெடுவதிலும் ஒரு ஒழுங்கும் பிடிபடவில்லை.

ஆளுக்கொரு வைத்தியம்

முதல் வைத்தியம் தூசி. டிஸ்பேட்ச் தம்பி கீபோர்டைக் கவிழ்த்துத் தட்டினான். இரண்டு ஸ்டேப்ளர் பின், கொஞ்சம் காராபூந்தி, அப்புறம் சில்லறைப் பெட்டியின் மாற்றுச் சாவி விழுந்தது. அந்தச் சாவி தொலைந்துபோனதாக எழுதி வைத்து, புதுப் பூட்டு வாங்கி, அதற்கான வவுச்சரும் போட்டிருந்தார்கள். கீபோர்டு மாறவில்லை.

அடுத்தது புதுக் கீபோர்டு. ஸ்டோரில் பிரிக்காமல் இருந்த ஒன்றை எடுத்து மாட்டினோம். மாட்டின நிமிடமே அதுவும் செத்திருந்தது. சரி, ஸ்டோரில் கிடந்து வீணாகியிருக்கும் என்று சொல்லி, முதலாளி கேபினில் இருந்ததைக் கடன் வாங்கினோம். அது மதியம் வரை நன்றாக ஓடி, அதன் பிறகு அதே கதை. கழற்றிய பழைய கீபோர்டை டிஸ்பேட்ச் மேசையில் மாட்டினால் ஒரு குறையும் இல்லாமல் வேலை செய்தது.

இந்தச் சோதனை உண்மையிலேயே பயனுள்ளது. மூன்று கீபோர்டும் ஒரே மேசையில் ஒரே மாதிரி கெடுகின்றன, வேறு மேசையில் கெடுவதில்லை. அப்படியென்றால் கோளாறு கீபோர்டில் இல்லை, அந்தக் கம்ப்யூட்டரின் உள்ளே ஏதோ அமைப்பில் இருக்கிறது. ஆனால் ஹால் எடுத்துக்கொண்ட பொருள் வேறு. "அக்கா கைராசி அப்படி" என்று யாரோ சொல்ல, நாலு பேர் சிரித்தார்கள். அக்கா சிரிக்கவில்லை. முப்பது வருடமாக டைப் அடித்த கை அது.

மூன்றாவது வைத்தியம் வைரஸ். முழு ஸ்கேன் போட்டார்கள். ஒரு மதியம் முழுக்க ஓடியது, கம்ப்யூட்டர் தவழ்ந்தது, வைரஸ் ஒன்றும் இல்லை என்று வந்தது. அதுவே சந்தேகத்தைக் கூட்டியது. "நல்லா ஒளிஞ்சிருக்குது பாருங்க" என்றார் கொள்முதல் பிரிவில் ஒருவர். இவர் என் பிரிவுக்காரர், அதனால் பெயரைச் சொல்லாமல் விடுவதில் எனக்கு இரட்டை மகிழ்ச்சி. வாட்ச்மேன் அய்யா ஒரு எலுமிச்சம்பழம் கொண்டுவந்து மானிட்டருக்குப் பக்கத்தில் வைத்துவிட்டுப் போனார். அதை யாரும் எடுக்கவில்லை. எதற்கு வம்பு.

இதற்கிடையில் அக்கா தானாகவே ஒரு வழி கண்டுபிடித்திருந்தார். ஒவ்வொரு எழுத்தையும் ரப்பர் ஸ்டாம்ப் குத்துவது போல அழுத்தி, எழுத்து திரையில் வரும் வரை விரலை எடுக்காமல் வைத்திருந்து, பிறகு அடுத்த எழுத்துக்குப் போனார். ஹையரில் நிமிடத்துக்கு 45 வார்த்தை அடித்தவர், ஒரு ஊர்ப் பெயர் முடிக்க அரை நிமிடம் எடுத்துக்கொண்டார்.

"அமுத்திப் பிடிச்சா கேக்குதுங்க. சட்டுனு அடிச்சாத்தான் கேக்கிறதில்ல. மரியாதை எதிர்பாக்குதுங்க போல."

எல்லாரும் சிரித்தோம். பல நாள் தேடலின் விடை அந்த வாக்கியத்திலேயே முழுதாக இருந்தது. நகைச்சுவையாகச் சொன்னதால் யாரும் அதைக் குறித்துக்கொள்ளவில்லை.

ஃபார்மட் வேண்டாம் என்ற முடிவு

சர்வீஸ்காரர் வந்தார். இரண்டு நிமிடம் பார்த்தார். "விண்டோஸ் கரப்ட் ஆயிருக்கு. ஃபார்மட் அடிச்சு ஓஎஸ் போட்டுரலாம், சாயங்காலம் குடுத்துர்றேன்" என்றார். ஹாலுக்கு நிம்மதி. கடைசியில் ஒரு பெரிய வைத்தியம் கிடைத்துவிட்டது.

மேனேஜர் என்னைக் கேட்டார். இப்போதைக்கு வேண்டாம் என்றேன். காரணங்கள் சாதாரணமானவைதான். டேலி டேட்டா அந்தக் கம்ப்யூட்டரில் இருந்தது. பேக்கப் எடுத்த பென்டிரைவ் எங்கே என்று கேட்டதற்கு மூன்று பேர் மூன்று இடம் சொன்னார்கள். டிஜிட்டல் கையெழுத்து டோக்கனுக்கான டிரைவர், பிரிண்டர், வங்கிக்காகப் போட்டது என்று எல்லாவற்றையும் மறுபடி ஏற்ற வேண்டும். 11-ஆம் தேதி நெருங்குகிறது. இவை போக இன்னொன்றும் இருந்தது. இந்தக் கோளாறு தானாக வந்து தானாகப் போகிறது. ஃபார்மட் அடித்த பிறகு அன்று சாயங்காலம் நன்றாக இருந்தால், சரியாகிவிட்டதா, அல்லது வழக்கம்போல ஓய்வெடுக்கிறதா என்று எப்படித் தெரியும்?

மேனேஜர் 11-ஆம் தேதி வரை அவகாசம் கொடுத்தார். சர்வீஸ்காரர் வந்துபோன கட்டணத்தை வாங்கிக்கொண்டு கிளம்பினார், கொஞ்சம் வருத்தத்தோடுதான். கூடவே, வேறு கம்ப்யூட்டரில் அக்கா உட்காரலாம் என்ற யோசனையும் வந்தது. டேலி அங்கே இல்லை என்பதால் அது நடக்கவில்லை. நடந்திருந்தால் கோளாறும் அவரோடு அங்கே போயிருக்கும், கைராசிக் கட்சி ஜெயித்திருக்கும்.

பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தது

அதுவரை எல்லாரும், நான் உட்பட, கீபோர்டு செத்த பிறகுதான் அங்கே போனோம். சாவதற்கு முன்னால் என்ன நடக்கிறது என்று யாரும் பார்க்கவில்லை. அதனால் அன்று டீ டம்ளரோடு ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு அக்காவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தேன். "நீங்க பாட்டுக்கு வேலை பாருங்க அக்கா, நான் எதையும் தொடல" என்றேன். முதல் சில நிமிடம் பரீட்சை ஹாலில் மேற்பார்வையாளர் நிற்பது போல விறைப்பாக அடித்தார். பிறகு என்னை மறந்துவிட்டார்.

முதலில் கண்ணில் பட்டது அவர் கை. மணிக்கட்டு மேசையில் படாமல், விரல்கள் வளைந்து, இடது கை ஏ-எஸ்-டி-எஃப் மேலும் வலது கை எதிர்ப்பக்கமும். டைப்ரைட்டிங் வகுப்பின் முதல் பாடம் எழுதிவைத்த மாதிரி. எங்கள் ஹாலில் மற்ற எல்லாரும் இரண்டு விரல்காரர்கள், நானும்தான். கீபோர்டைப் பார்க்காமல் அடிக்கத் தெரிந்தவர் அவர் ஒருவரே.

அடுத்து ஒரு பில் வந்தது. கார்பன் வைத்து எடுத்த மூன்றாவது காப்பி. ஊதா நிறத்தில் மங்கிப்போய், மடித்த இடத்தில் எழுத்து உரிந்திருந்தது. பெயர், ஊர் முடிந்து ஜிஎஸ்டி எண்ணுக்கு வந்தார்.

ஜிஎஸ்டி எண் 15 இலக்கம். முதல் இரண்டு மாநில எண், தமிழ்நாட்டுக்கு 33. அடுத்த பத்து, பார்ட்டியின் பான் எண்: ஐந்து எழுத்து, நான்கு எண், ஒரு எழுத்து. பிறகு ஒரே பானில் அந்த மாநிலத்தில் எத்தனையாவது பதிவு என்பதைச் சொல்லும் ஓர் இலக்கம், பொதுவாக ஒரு இசட், கடைசியில் சரிபார்க்க ஓர் இலக்கம். எழுத்தெல்லாம் பெரிய எழுத்து.

அக்கா 33 அடித்தார். வலது சுண்டுவிரல் வலது பக்க ஷிப்ட் மேல் போய் அழுத்தி உட்கார்ந்தது. அதே நேரம் பில்லில் அடுத்த எழுத்து தெரியவில்லை. இடது கையால் பில்லை எடுத்து ஜன்னல் பக்கம் தூக்கினார். மூக்குக் கண்ணாடி வழியாகப் பார்த்தார். பிறகு கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தார். "இது ஏ-வா, நாலா?" என்று தனக்குள் கேட்டுக்கொண்டார். வலது சுண்டுவிரல் ஷிப்டை விடவே இல்லை.

திரையில் ஒரு சின்னப் பெட்டி வந்தது.

அக்கா பில்லை இறக்கினார். திரையைப் பார்த்தார். பெட்டியில் என்ன இருக்கிறது என்று படிக்கவில்லை, என்டரைத் தட்டினார். பெட்டி போனது. அடுத்து ஏ அடித்தார். வரவில்லை.

"பாத்தீங்களா? செத்துப்போச்சு."

காரணம்

அந்தப் பெட்டி கேட்டது ஃபில்டர் கீஸ் என்ற வசதியைத் தொடங்கவா என்று. விண்டோஸில் வலது பக்க ஷிப்டை மட்டும் தொடர்ந்து 8 விநாடி அழுத்தினால் இந்தக் கேள்வி வரும். ஆமாம் என்று சொல்லிவிட்டால், சட்டென்று தட்டி எடுக்கும் விசைகளை அது கண்டுகொள்ளாது. ஏறக்குறைய ஒரு விநாடி அழுத்திப் பிடித்தால்தான் எழுத்தாக ஏற்கும். அதேபோல வலது ஷிப்டை மறுபடி 8 விநாடி பிடித்தால் அணைந்துவிடும். அணைக்கும்போது பெட்டி எதுவும் வராது.

கை நடுக்கம் உள்ளவர்கள், விரல் தவறிப் பக்கத்து விசையில் படுகிறவர்கள் ஆகியோருக்காக வைத்த வசதி இது. விண்டோஸ் 95 காலத்திலிருந்தே உள்ளே இருக்கிறது. தேவைப்படுகிறவர் மெனு மெனுவாகத் தேடிப் போகக் கஷ்டப்படுவார் என்பதால் ஒரே விசையில் தொடங்கும்படி வைத்திருக்கிறார்கள். ஷிப்டை 5 முறை தட்டினால் வரும் ஸ்டிக்கி கீஸ் இதன் உடன்பிறப்பு. கேம் ஆடுகிற பிள்ளைகள் இருக்கும் வீடுகளில் அது நன்றாகவே அறிமுகம்.

இனி ஒவ்வொன்றாகப் பொருந்திவந்தது.

ஏன் அக்காவுக்கு மட்டும்? முறையாகக் கற்றவர்களுக்கு ஒரு விதி உண்டு. இடது கை எழுத்தைப் பெரிதாக அடிக்க வலது ஷிப்ட், வலது கை எழுத்துக்கு இடது ஷிப்ட். ஏ இடது கை எழுத்து. எங்கள் பார்ட்டிகளில் பலரின் பான் ஏ-யில்தான் தொடங்குகிறது. இரண்டு விரல்காரர்களான நாங்கள் எந்த எழுத்துக்கும் இடது ஷிப்டையே தேடுவோம், அல்லது கேப்ஸ் லாக் போட்டுவிடுவோம். வலது பக்கத்தில் ஒரு ஷிப்ட் இருப்பதே எங்களில் சிலருக்கு அன்றுதான் தெரிந்தது. ஆக, அலுவலகத்திலேயே ஒழுங்காக டைப் அடிக்கத் தெரிந்த ஒரே ஆளுக்குத்தான் இந்தக் கோளாறு வர முடியும்.

கேப்ஸ் லாக்கை அவர் ஏன் தொடவில்லை? கேட்டேன். "லாக் போட்டா நம்பர் கெட்டுருமுங்க" என்றார். டைப்ரைட்டரில் அது சரி. அங்கே ஷிப்ட் லாக் போட்டால் எண் வரிசையும் சேர்ந்து மாறும், எண் அடித்தால் குறிகள் விழும். எழுத்தும் எண்ணும் கலந்து வரும் இடத்தில் லாக் போடக்கூடாது என்று பழக்கியிருப்பார்கள். கம்ப்யூட்டரின் கேப்ஸ் லாக் எழுத்துகளை மட்டும்தான் மாற்றும். டைப்ரைட்டரில் ஷிப்டை எவ்வளவு நேரம் பிடித்துக்கொண்டு யோசித்தாலும் ஒன்றும் ஆகாது என்பதும் அந்தக் கையின் நினைவில் இருந்தது.

ஏன் மாதத் தொடக்கத்தில்? புதுப் பார்ட்டிகளை ஏற்றுவது அப்போதுதான். ஏன் மதியத்துக்கு மேல்? தெளிவான பில்களை அவர் காலையில் முடித்துவிடுவார். மங்கல் காப்பிகளைக் கடைசிக்குத் தள்ளி வைப்பார். தெளிவான பில்லில் 8 விநாடி யோசிக்க வேண்டியதே இல்லை. தானாகச் சரியானதும் இதனால்தான். இன்னொரு மங்கல் பில் வந்து, அவர் இன்னொரு 8 விநாடி யோசித்திருப்பார், வசதி அணைந்திருக்கும். நான் அழுத்தினால் மட்டும் வந்ததற்கும் மர்மம் ஒன்றுமில்லை. கீபோர்டு வேலை செய்கிறதா என்று பார்க்கிறவன் விசையை அழுத்திப் பிடித்துத்தான் பார்ப்பான்.

மீதம் இருந்த ஒரே கேள்வி, அந்தப் பெட்டியை அவர் ஏன் படிக்கவில்லை என்பது. அது டேலி தந்த பழக்கம். டேலியில் ஒவ்வொரு வவுச்சரும் முடியும்போது ஏற்கவா, ஆமாமா இல்லையா என்று கேட்கும். நாள் முழுக்க அதற்கு என்டர் தட்டுகிற கை, நடுவில் வேறு யாரோ கேட்ட கேள்விக்கும் அதே பதிலைச் சொல்லிவிட்டது. பெட்டி வருமுன் ஒலியும் வந்திருக்கும். ஆனால் ஸ்பீக்கரை யாரோ பாட்டுக் கேட்கிறார்கள் என்று மேனேஜர் எப்போதோ கழற்றி வைத்துவிட்டார்.

என்ன செய்தோம், ஏன்

செய்த வேலை இரண்டு நிமிடம்கூட இல்லை. செட்டிங்ஸில் ஈஸ் ஆஃப் ஆக்சஸ், அதில் கீபோர்டு. ஃபில்டர் கீஸை அணைத்து, அதற்குக் கீழே ஷிப்ட் மூலம் தொடங்க அனுமதிக்கும் குறியையும் எடுத்துவிட்டோம். விண்டோஸ் 11-இல் இதே இடம் ஆக்சசிபிலிட்டி என்ற பெயரில் இருக்கும். ஸ்டிக்கி கீஸுக்கும் அப்படியே செய்தோம். பிறகு அக்கா வலது ஷிப்டைப் பிடித்துக்கொண்டு, நான் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு, இருபது விநாடி வரை காத்திருந்தோம். ஒன்றும் வரவில்லை. டிஸ்பேட்ச் தம்பியும் வந்து நின்று எண்ணினான்.

அக்காவிடம் ஷிப்டை அப்படிப் பிடிக்காதீர்கள் என்று சொல்லிவிட்டு வரலாம் என்றார் ஒருவர். அதை வேண்டாம் என்று வைத்தேன். அவர் அடிப்பது சரியான முறை. அதோடு, விரல் பழக்கத்தை மாற்றச் சொன்னால் இரண்டு நாள் மாற்றுவார், 10-ஆம் தேதி சாயங்காலம் பழையபடி பிடிப்பார்.

இன்னொரு முடிவும் எடுத்தோம். காரணத்தை ஹாலில் எல்லாருக்கும் முன்னால் சொல்வது. சிக்கல் தீர்ந்தது என்று மட்டும் சொல்லிவிட்டால் கைராசிப் பேச்சு அப்படியே நிற்கும். அதனால் என் கம்ப்யூட்டரில் வலது ஷிப்டைப் பிடித்து, பெட்டி வந்ததும் என்டர் தட்டி, என் பிரிவின் அந்த வைரஸ் நிபுணரைத் தன் பெயரை அடிக்கச் சொன்னேன். ஒரு எழுத்தும் வரவில்லை. "உங்களுக்கும் கைராசி போச்சுங்களா?" என்று அக்கா கேட்டார். அன்று ஹாலில் முதலில் சிரித்தவர் அவர்தான்.

அதன் பிறகு

11-ஆம் தேதிக்கு முன்பே தாக்கல் முடிந்தது. கோளாறு திரும்ப வரவில்லை. கேப்ஸ் லாக் எண்ணைக் கெடுக்காது என்பதை அக்காவே ஒரு முறை போட்டுப் பார்த்தார். "அட, ஆமாங்க" என்றார். பிறகு அதை அணைத்துவிட்டு ஷிப்டுக்கே திரும்பினார். இன்றும் ஷிப்ட்தான்.

சர்வீஸ்காரருக்குப் போனில் சொன்னேன். கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, வேறொரு இடத்தில் இதே மாதிரி ஒரு புகாருக்கு ஏற்கெனவே ஃபார்மட் அடித்துக் கொடுத்ததாகவும், அங்கே மறுபடி வந்துவிட்டதாகவும் சொன்னார். அங்கே போய் முதலில் ஷிப்ட் குறியை எடுத்துப் பார்ப்பதாகச் சொன்னார். ஆள் நேர்மையானவர்தான். ஃபார்மட் என்பது அவருக்குத் தெரிந்த, நிச்சயமாகக் கூலி கிடைக்கிற வேலை.

ஒரு கிளைக்கதையும் உண்டு. எங்கள் நிறுவனத்தில் ஓய்வு பெற்ற பிறகும் வாரம் ஒரு நாள் வந்து பழைய பாக்கிகளுக்குக் கடிதம் எழுதும் பெரியவர் ஒருவர் இருக்கிறார். அவருக்குக் கை லேசாக நடுங்கும். ஒரு எழுத்து மூன்று எழுத்தாக விழும். ஐயா என்று தொடங்கும் கடிதம் ஐயாாா என்று கெஞ்சுவது போல இருக்கும். பாக்கி வைத்தவர்கள் இரக்கப்பட்டுப் பணம் அனுப்பியிருக்கலாம், தெரியாது. இந்த வசதி யாருக்காக வைத்ததோ அப்படி ஒருவர் நம்மிடமே இருக்கிறாரே என்று அவரிடம் போய் விளக்கினேன்.

"எனக்குக் கை நடுங்குதுன்னு யாருங்க சொன்னது?"

அத்தோடு அந்தப் பேச்சு முடிந்தது. அடுத்த வாரம், கீபோர்டு வேகம் கொஞ்சம் அதிகமாக இருக்கிறது, சரி பண்ணித் தரவா என்று மட்டும் கேட்டேன். தாராளமாக என்றார். கன்ட்ரோல் பேனலில் கீபோர்டு பகுதியில், ஒரு விசையைப் பிடித்தால் எழுத்து எப்போது மறுபடி விழத் தொடங்க வேண்டும் என்பதை நீட்டி வைக்கலாம். அதை நீட்டிவைத்தேன். ஃபில்டர் கீஸ் அளவுக்கு உதவாது, ஆனாலும் கடிதங்களில் கெஞ்சல் குறைந்திருக்கிறது. கீபோர்டைச் சரி செய்ததற்காக நன்றி சொன்னார்.

எலுமிச்சம்பழம் காய்ந்து சுருங்கும் வரை அங்கேயே இருந்தது. வாட்ச்மேன் அய்யாவைப் பொறுத்தவரை வேலை செய்தது அதுதான். காலவரிசைப்படி பார்த்தால் அவர் சொல்வதை மறுக்கவும் வழியில்லை.

இனி எப்படி

புதுக் கம்ப்யூட்டர் வந்தாலோ, ஃபார்மட் அடித்து வந்தாலோ, ஷிப்ட் குறுக்குவழிகளை வேண்டாதவர்களுக்கு எடுத்துவிடுவது முதல் நாள் வேலைகளில் சேர்ந்திருக்கிறது. யாருக்காவது தேவைப்பட்டால் விட்டுவைப்போம், அதைத் தனியாக, சத்தமில்லாமல் கேட்போம். ஃபார்மட் என்ற சொல் வந்தால், பேக்கப் இருக்கும் பென்டிரைவ் மேசைக்கு வந்த பிறகுதான் பேச்சு தொடரும். கணக்குப் பிரிவுக்கு ஸ்பீக்கர் திரும்பி வந்தது, ஒலி குறைவாக வைக்கிற நிபந்தனையோடு. கொள்முதல் பிரிவிலிருந்து அனுப்பும் பில்களில் முதல் காப்பியே கணக்குக்குப் போக வேண்டும் என்றும் மாற்றினோம். மங்கல் காப்பியை வைத்துக்கொண்டு நாங்களே திண்டாடிக்கொள்கிறோம்.

புகார் வந்தால் முதலில் கேட்கும் கேள்வியும் மாறியது. என்ன ஆச்சு என்று கேட்டால் வைரஸ் என்றுதான் பதில் வரும். கெடுவதற்கு முன்னால் என்ன செய்துகொண்டிருந்தீர்கள், அதை என் முன்னால் இன்னொரு முறை செய்யுங்கள் என்று கேட்கிறேன். இதற்குப் பொறுமை வேண்டும், ஒரு டீயும் வேண்டும்.

மேனேஜர் யோசனைப்படி இன்னொரு நடைமுறையும் வந்தது. திரையில் எந்தப் பெட்டி வந்து எதைக் கேட்டாலும், பதில் தட்டுவதற்கு முன் போனில் படமெடுத்து அலுவலக வாட்ஸ்அப் குழுவில் போட வேண்டும். முதல் நாள் மதியத்துக்குள் குழுவில் நூறு படத்துக்கு மேல் குவிந்துவிட்டது. டேலி ஏற்கவா என்று கேட்பதைப் படமெடுக்க வேண்டாம் என்று மறுநாள் தனியாக ஒரு வரி சேர்த்தோம்.